மலைவீட்டுப் பழைய போல்ட் ரைபிளைச் சீராகச் சுட வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் எங்கள் வீட்டு இரும்பு அலமாரியில் உரிமத்துடன் இருக்கும் .315 அங்குல அளவு ரைபிள், பிப்ரவரியில் ஓர் இடத்திலும் நவம்பரில் வேறோர் இடத்திலும் சுடும். அதே தோட்டா, அதே தோள், அதே மணல் மூட்டை. ஆனால் 100 மீட்டரில் குண்டுகள் விழும் இடம் மட்டும் நான்கு விரற்கடைக்குக் குறையாமல் நகர்ந்திருக்கும். குழல் தேய்ந்துவிட்டது என்பதே தாத்தா காலத்திலிருந்து வீட்டில் வழங்கிய தீர்ப்பு. நானும் பல ஆண்டுகள் அதை நம்பினேன். பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தபோது குழலில் பெரிய குறை எதுவும் இல்லை என்பதும், அதைத் தாங்கும் மரக்கட்டை பனியிலும் மழையிலும் ஊதிக் கோடையில் சுருங்குவதே காரணம் என்பதும் தெரியவந்தன. கீழே தருவது அந்தச் சோதனைகளின் வரிசை. வரிசையை மாற்றாமல் செய்வது முக்கியம். ஏனெனில் பெரும்பாலானோர் கடைசியில் செய்ய வேண்டிய சைட் (குறிபார்க்கும் முனை) திருத்தத்தை முதலில் செய்துவிட்டு, மற்றக் குறைகளை அதன் அடியில் புதைத்துவிடுகிறார்கள்.

சட்டத்தின் எல்லை

வேட்டை ரைபிள் என்பது இன்று பழக்கத்தால் நிற்கும் பெயர் மட்டுமே. நீலகிரியில் வேட்டையை ஒழுங்குபடுத்த 1879ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் வந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதற்கு வந்த திருத்தமும் வேட்டையின் கதவை அடைத்துவிட்டன. ஆகவே இந்த வழிகாட்டியில் குறி என்று வரும் இடமெல்லாம் காகிதக் குறிதான். தோட்டத்து ஓடையோரத்தில் ஒரு தகர டப்பாவை வைத்துச் சுட்டுப் பார்ப்பதும் கூடாது. தேயிலைச் சரிவுக்குக் கீழே எப்போதும் ஒரு பாதையும் ஒரு வீடும் இருக்கும். அனுமதி பெற்ற சுடுதளத்துக்கே போக வேண்டும். பல தளங்கள் .22 அளவுக்கு மேல் அனுமதிப்பதில்லை என்பதால், பெரிய அளவுத் தோட்டாவுக்கு இடம் உண்டா, எத்தனை மீட்டர் தளம் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மலையிலிருந்து கீழே கொண்டுபோகும்போது உரிமப் புத்தகம் கையில் இருக்க வேண்டும். அது எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருப்பதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

துடைப்பது, எண்ணெய் இடுவது, திருகுகளைச் சரிபார்ப்பது ஆகியவை உரிமையாளரின் வேலை. குழல், தோட்டா அறை, விசை ஆகியவற்றில் உலோகத்தைத் தொடும் வேலை எதுவானாலும் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவருடையது. குறிப்பாக, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி தனி உரிமமின்றிக் குழலைக் குறுக்குவது குற்றம். குழல்வாய் தேய்ந்திருக்கிறது, அரை அங்குலம் வெட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது ஆலோசனை சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

கையில் இருப்பது எது என்று அறிதல்

மலைத்தோட்ட வீடுகளில் தலைமுறை கடந்து வந்த போல்ட் ரைபிள்களுள் இரண்டு வகையை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் .315. ராணுவம் பயன்படுத்திய .303 போன்ற அளவுகள் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டதால், அந்த ராணுவ ரைபிளின் லீ என்ஃபீல்ட் அமைப்பிலேயே, 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவுக்கேற்ப அமைக்கப்பட்டது அது. மற்றொன்று, 1898ஆம் ஆண்டின் மவுசர் அமைப்பை அடிப்படையாகக் கொண்டு ஐரோப்பாவில் செய்யப்பட்டு, வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் விட்டுச்சென்ற ரைபிள்கள். இவ்விரண்டும் துல்லியத்தைப் பொறுத்தவரை வெவ்வேறு சாதிகள். லீ என்ஃபீல்டில் கட்டை இரண்டு துண்டு. தோட்டா அறையை மூடும் கைப்பிடி உருளையான போல்டில், பூட்டும் புடைப்புகள் பின்பகுதியில் இருக்கும். மவுசரில் கட்டை ஒரே துண்டு. புடைப்புகள் முன்னால், தோட்டா அறையை ஒட்டி இருக்கும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நோயாகலாம்.

குழலின் மேல் பொறித்துள்ள அளவை விளக்கின் கீழ் வைத்துப் படியுங்கள். பெயர்கள் ஏமாற்றும். .275 ரிக்பி என்று எழுதியிருப்பதும் 7×57 மவுசரும் ஒரே தோட்டா. ஆனால் 8 மில்லிமீட்டர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவற்றுள் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல தோட்டாக்கள் உண்டு. உரிமப் புத்தகத்தில் உள்ள அளவும், குழலில் உள்ள பொறிப்பும், தோட்டாப் பெட்டியின் எழுத்தும் மூன்றும் ஒத்திருந்தாலன்றி அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சுடத் தகுதி உண்டா என்ற சோதனை

பத்து ஆண்டு அலமாரியில் தூங்கிய ரைபிளை நேரே சுடுதளத்துக்கு எடுத்துப்போவது முறையல்ல. மேகசினைக் கழற்றி, போல்டைத் திறந்து, தோட்டா அறை வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் உறுதிசெய்த பிறகே மற்ற எதையும் தொடுங்கள். பிறகு போல்டைக் கழற்றிக் குழலினூடே வெளிச்சத்தைப் பாருங்கள். குளவி கூடு கட்டியிருப்பது மலைவீடுகளில் அரிய நிகழ்ச்சி அல்ல.

அடுத்தது ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்டின் முகத்துக்கும் தோட்டா அறையில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி. இதைக் கண்ணளவில் சொல்ல முடியாது. அதற்கான அளவுக்கட்டைகளை வைத்துப் பழுதுபார்ப்பவரே பார்க்க வேண்டும். இடைவெளி மிகுந்தால் பித்தளை உறை அடிப்பக்கத்தில் கிழியும். போல்டில் உள்ள எண்ணும் அது ஓடும் உலோக உடலான ஆக்‌ஷனில் உள்ள எண்ணும் வேறாக இருந்தால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

போல்டின் உட்புறத்தையும் அவரிடமே பிரித்துத் துடைக்கச் சொல்லுங்கள். எங்கள் ரைபிளில் யாரோ ஒருவர் முன்னொரு காலத்தில் போல்டுக்குள் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பது ஜனவரி மாதம் கோத்தகிரியில் குளிக்கப் போகும் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அது அங்கே பல ஆண்டு கெட்டிப்பட்டுப் பிசினாகி, சுடுமுள்ளைத் தடவித் தடவி நகர வைத்திருந்தது. தோட்டாவைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரில் அடி மெலிந்து விழுந்தால் சில தோட்டாக்கள் வெடிக்காது, சில தாமதித்து வெடிக்கும். மலைக்குளிருக்கு மெல்லிய கருவி எண்ணெய் ஒரு சொட்டுப் போதும்.

குழலைத் துடைத்தல்

பழைய குழல் துல்லியம் இழந்ததாகத் தோன்றுவதற்கு, தேய்மானத்தைவிட அழுக்கே பல சமயம் காரணம். வெடிமருந்துக் கரியின் மேல் குண்டுறையின் செம்பு, அதன் மேல் மீண்டும் கரி என்று அடுக்கடுக்காகப் படிந்து, குழலுக்குள் சுழன்று செல்லும் வரிகளான புரிகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். எண்ணெய்த் துணியை நாலு முறை இழுத்து, துணி வெளுப்பாக வந்ததும் நிறுத்திவிடுவது வழக்கம். அந்த வெளுப்பு பொய். எண்ணெய் செம்பைக் கரைப்பதில்லை.

ரைபிளைச் சாய்வாகத் தாங்கி, குழல்வாய் சற்றுத் தாழ இருக்குமாறு வையுங்கள். போல்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்திலிருந்தே கம்பியைச் செலுத்துங்கள். குழல்வாய் வழியாகச் செலுத்தினால் கம்பி உரசி அந்த விளிம்பைத் தேய்த்துவிடும். முதலில் கரி நீக்கும் திரவத்தில் நனைத்த துணி, பிறகு பத்து நிமிடம் பொறுத்து நைலான் தூரிகை, பிறகு உலர்ந்த துணி. அடுத்து அம்மோனியா கலந்த செம்பு நீக்கியில் நனைத்த துணி. சில நிமிடங்களில் வெளிவரும் துணியில் நீலமோ பச்சையோ தெரிந்தால் செம்பு இன்னும் இருக்கிறது என்று பொருள். அந்த நிறம் நிற்கும்வரை செய்ய வேண்டும். எங்கள் ரைபிளுக்கு மூன்று மாலைகள் பிடித்தன. திரவத்தை இரவு முழுவதும் குழலில் விட்டுவைக்காதீர்கள். குறிப்பில் சொன்ன நேரத்துக்கு மேல் அது எஃகையும் தொடும். பித்தளைத் தூரிகை பயன்படுத்தினால் அதுவே கரைந்து துணியைப் பச்சையாக்கும். முடிவே இல்லாமல் துடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பழைய தோட்டாக்களின் பிரைமர் எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பைக் குழலில் விட்டுச்செல்லும். சாப்பாட்டு உப்பைப் போலவே அதுவும் காற்றின் ஈரத்தை இழுக்கும். மூடுபனி சன்னல் வழியே வீட்டுக்குள் வரும் ஊரில், சுட்டு வந்த இரவே துரு பிடிக்கத் தொடங்கிவிடும். எண்ணெயில் இந்த உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். எனவே தோட்டா எவ்வகை என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அரிக்கும் வகை என்றே கொண்டு, ஒரு செம்பு கொதிநீரைப் புனல் வழியாகத் தோட்டா அறைப் பக்கமிருந்து ஊற்றி, கட்டைக்குள் இறங்காமல் பார்த்துக்கொண்டு, குழலின் சூட்டிலேயே உலரவிட்டு, பிறகு எண்ணெய் இடுங்கள். போல்டின் முகத்தையும் அவ்வாறே துடையுங்கள்.

குழல்வாய் விளிம்பு

குண்டு கடைசியாகத் தொடும் இடம் குழல்வாயின் உள்விளிம்பு. அங்கே ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருந்தால், குண்டு வெளியேறும் நொடியில் பின்னாலுள்ள வாயு அந்தப் பக்கமாக முந்திப் பீறிட்டுக் குண்டின் பின்புறத்தைத் தள்ளிவிடும். சோதனை எளிது. காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்ளேயிருந்து வெளியே, ஒவ்வொரு புரியின் மீதும் இழுத்துப் பாருங்கள். பிசிறு இருந்தால் நார் சிக்கும். லீ என்ஃபீல்ட் வகையில் சுத்தம் செய்யும் கயிற்றை ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்து இழுத்துக் குழல்வாயில் ஒரு பள்ளமே விழுந்திருக்கலாம். அவ்வாறு இருந்தால் பழுதுபார்ப்பவரிடம் காட்டி, என்ன செய்யலாம் என்பதையும் சட்டம் எதுவரை அனுமதிக்கிறது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

கட்டை: பாதிச் சிக்கல் இங்கே

குழலை மாற்ற வேண்டும் என்ற முடிவோடு கோயம்புத்தூரில் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் ரைபிளைக் கொண்டுபோனேன். அவர் குழலைப் பார்க்கவே இல்லை. “முதல்ல கட்டையக் கழட்டுவோமுங்க தம்பி, குழல் எங்கயும் ஓடிப்போகாது” என்றார். “சரிங்கண்ணா” என்று நான் உட்கார்ந்துவிட்டேன். அன்று ஒரு மணி நேரத்தில் கற்றதுதான் இந்தப் பகுதி முழுவதும்.

சுடும்போது குழல் கம்பியைப் போல அதிரும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டுகள் ஒரே இடத்தில் விழும். மரம் ஈரத்தை உறிஞ்சி ஒரு பக்கம் குழலை அழுத்தத் தொடங்கினால், அதிர்வின் போக்கு மாறும். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர், நவம்பரில் இங்கே கொட்டும். அந்த ஈரத்தில் மாதக்கணக்கில் நின்ற கட்டையைச் சமவெளியின் வெயிலுக்குக் கொண்டுபோய் அரை நாளில் சுட்டால், மரம் மாறிக்கொண்டிருக்கும்போதே சுடுகிறோம். கூடலூர்ப் பக்கத்தார்க்கு இதே தொல்லை ஜூன் மாதமே தொடங்கிவிடும். ஆகவே சைட் திருத்தும் வேலையைப் பிப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் ஒருமுறை சுட்டு, எவ்வளவு நகர்கிறது என்று குறித்துக்கொண்டால் போதும்.

கட்டையைக் கழற்றும் முன் ஓர் எச்சரிக்கை. லீ என்ஃபீல்டின் பழைய நம்பர் 1 அமைப்பில், பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீண்ட மரையாணியின் சதுர முனை முன்கட்டையில் உள்ள ஒரு தகட்டில் பொருந்தியிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டையின் மரையாணியைத் திருப்பினால் முன்கட்டை பிளந்துவிடும். எனவே எப்போதும் முன்கட்டைதான் முதலில். திருகின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூடிரைவர் இல்லையென்றால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். கழற்றுவதற்கு முன்பு ஒவ்வொரு திருகின் பிளவும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைக் கடிகார முள்ளைப் போல, “முன்திருகு பத்து மணி, பின்திருகு பன்னிரண்டரை” என்று எழுதிவையுங்கள். பின்னாளில் திருகு தளர்ந்ததா என்பதை இந்தக் குறிப்பே சொல்லும்.

இப்போது மரத்தின் உட்புறத்தைப் பாருங்கள். லீ என்ஃபீல்டில் மேகசினுக்குப் பின்னால், முன்கட்டை ஆக்‌ஷனை அண்டி நிற்கும் இரண்டு சிறு மரமுகங்கள் இருக்கும். சுடும்போது எழும் பின்னுதைப்பை அவைதான் வாங்குகின்றன. எண்ணெய் ஊறிக் கறுத்து மெத்தென்று ஆகியிருந்தாலோ, ஒன்று மட்டும் பளபளப்பாகவும் மற்றது தொடப்படாமலும் இருந்தாலோ, துல்லியம் போன இடம் அதுவே. மவுசரில் இந்த வேலையை ஆக்‌ஷனின் முன்பக்கம் அடியில் உள்ள உலோகப் புடைப்பு செய்கிறது. அதன் பின்னே மரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மவுசரின் ஆக்‌ஷன் வால், பின்னால் உள்ள மரத்தில் முட்டக் கூடாது. தாள் நுழையும் அளவாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் ஆப்பு அடித்ததுபோல் கட்டையைப் பிளக்கும்.

எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று காண வீட்டிலேயே ஒரு பொருள் இருக்கிறது: கண்மை. ஆக்‌ஷனின் அடிப்பக்கத்தில் மெல்லியதாகப் பூசி, கட்டையில் பொருத்தித் திருகி, மீண்டும் கழற்றினால் மரத்தில் படும் இடமெல்லாம் கறுப்பு ஒட்டியிருக்கும். புகைக்கரியும் எண்ணெயும் சேர்ந்த மையைத்தான் கட்டை செதுக்குபவர்களும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். போல்டின் பூட்டுப் புடைப்புகள் இரண்டும் சமமாகப் படுகின்றனவா என்பதையும் இவ்வாறே காணலாம். ஒன்று மட்டும் பட்டால் அதை அரைத்துச் சமன்செய்யும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்; ஹெட்ஸ்பேஸ் மாறிவிடும்.

முன்திருகைச் சுற்றி ஓர் உலோகக் குழாய் இருக்கும். திருகு மரத்தை நசுக்காமல் காப்பது அதன் வேலை. பல ஆண்டுக் கோடைகளில் மரம் சுருங்கி அந்தக் குழாயைவிடக் குள்ளமாகிவிட்டால், எவ்வளவு இறுக்கினாலும் திருகு குழாயைத்தான் பிடிக்கும். மரம் உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும். எங்கள் ரைபிளின் நோய் இதுவாகத்தான் இருந்தது. மழையில் மரம் ஊதியதும் ஆட்டம் நின்றது, வெயிலில் மீண்டும் வந்தது. அதனால்தான் பிப்ரவரிக்கு ஒரு குறி, நவம்பருக்கு ஒரு குறி. பழுதுபார்க்கும் அண்ணன் குழாயை மிகச் சிறிதளவு தேய்த்து, அழுந்திப்போன மரமுகங்களில் கெட்டி மரத்துண்டுகளை ஒட்டிச் செதுக்கினார். குழலை அவர் தொடவில்லை.

குழலைக் கட்டை எங்கும் தொடாமல் தனியே விடுவது நல்லது என்று இன்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. புதிய, கனத்த குழல்களுக்கு அது பொருந்தும். மெல்லிய குழல் கொண்ட பழைய ரைபிள்கள் பலவற்றில், முன்கட்டையின் நுனி குழலை மெல்ல மேல்நோக்கித் தாங்குமாறு வேண்டுமென்றே அமைத்திருப்பார்கள். அந்தத் தாங்கலைச் செதுக்கி எறிந்தால் திரும்பப் பெறுவது கடினம். முதலில் மடித்த அட்டைத்துண்டை நுனியில் வைத்தும் எடுத்தும் சுட்டுப் பாருங்கள். எது சிறப்பென்று காகிதம் சொன்ன பிறகே உளியை எடுக்க வேண்டும். பக்கவாட்டில் மட்டும் ஒரு தபால் அட்டை தடையின்றி நழுவ வேண்டும் என்பது எல்லா வகைக்கும் பொது.

திருகும்போது முன்திருகை முதலில் இறுக்கி, பிறகு பின்திருகு. கட்டையின் வெளிப்பக்கத்தில் வேகவைத்த ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து ஊற வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பூச்சு, அதுவும் மெல்லியதாக. உட்குழியையும் விட்டுவிடாதீர்கள்; பனியின் ஈரம் பூசப்படாத மரத்தின் வழியாகத்தான் நுழைகிறது.

சைட்டும் விசையும்

முன்சைட்டை விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். சிறிதளவு ஆடினாலும் மேலே செய்த வேலையெல்லாம் வீண். வெயிலில் முன்சைட்டின் ஒரு பக்கம் பளபளத்தால் கண் அந்த வெளிச்சத்திலிருந்து விலகிக் குறிபார்க்கும். அதற்குப் பழைய போட்டிக்காரர்களின் தீர்வு, நம் பூசையறையிலேயே இருக்கிறது. ரைபிளும் போல்டும் வெறுமையாக, தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கும்போது, சிறு கற்பூரத் துண்டைக் கொளுத்தி அதன் புகையில் முன்சைட்டைக் காட்டினால் பட்டுப்போன்ற கறுப்புப் படியும்.

டெலஸ்கோப் இருந்தால் அதன் அடித்தட்டுத் திருகுகளைக் கழற்றி, எண்ணெய்ப்பசை நீக்கி மீண்டும் இறுக்குங்கள். விசையைப் பொறுத்தவரை என் கருத்து பலருக்கு ஒப்பாது: பழைய ராணுவ அமைப்பின் இரண்டு கட்ட விசையை இலேசாக்க வேண்டியதில்லை. முதல் கட்டத்தை இழுத்து நிறுத்தி, இரண்டாவதை மெல்ல அழுத்தப் பழகுவதற்கு வெடிமருந்தும் பிரைமரும் இல்லாத பயிற்சித் தோட்டாவைப் போட்டு ஒரு மாதம் பயிற்சி செய்தாலே போதும்.

தோட்டா

வீட்டில் தோட்டா செய்துகொள்ள நம் சட்டம் சாதாரண உரிமத்தில் இடம்தருவதில்லை. எனவே நம் கையில் இருப்பது தேர்ந்தெடுப்பது மட்டுமே. ஒரே பெட்டி வரிசை எண் கொண்ட தோட்டாக்களை வாங்கி, அதைத் தீரும்வரை பயன்படுத்துங்கள். இரண்டு வரிசைகளைக் கலந்து சுட்டால் காகிதத்தில் இரண்டு கூட்டங்கள் விழும். பச்சைக்களிம்பு ஏறியது, கழுத்தில் விரிசல் உள்ளது, குண்டு விரலால் சுழல்வது ஆகியவற்றைச் சுடாமல் வியாபாரியிடம் ஒப்படையுங்கள். மலைக்குளிரிலிருந்து இறங்கிய தோட்டாவைச் சமவெளி வெயிலில் காரின் முன்பலகையில் வைத்தால் வெடிமருந்தின் வேகம் கூடும். நிழலில், துணிப்பையில் வையுங்கள்.

சுடுதளத்தில்

காதுக்கும் கண்ணுக்கும் காப்பு அணிந்த பிறகு, முதலில் 25 மீட்டர், பிறகு 50, இடமிருந்தால் 100. மேசையில் இரண்டு மணல் மூட்டைகள். பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து, சலித்த மணல் நிரப்பினால் அருமையாக அமையும். முன்கட்டையின் ஒரே இடம் ஒவ்வொரு முறையும் மூட்டையில் படுமாறு ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். குழல் எதன் மேலும் சாயக் கூடாது.

எண்ணெய் ஊறிய குழலின் முதல் குண்டு தனி வழி போகும். அதை எண்ணாமல் விட்டு, பிறகு ஐந்து குண்டுகள் ஒரே புள்ளியைப் பார்த்துச் சுடுங்கள். மூன்று குண்டுகள் தற்செயலாக நெருங்கி விழுந்து நம்மை ஏமாற்றும். ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே இரண்டு நிமிடம். ஐந்து முடிந்ததும் குழலைக் கையால் பிடிக்க முடியும் அளவுக்கு ஆறவிடுங்கள். தோட்டா வெடிக்காவிட்டால் குழல்வாயைக் குறித்திசையிலேயே ஒரு நிமிடமாவது பிடித்திருந்து, பிறகே போல்டைத் திறக்க வேண்டும். சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து கேட்டால் அடுத்த தோட்டாவை ஏற்றாதீர்கள். குண்டு குழலுக்குள் நின்றிருக்கக்கூடும்.

என்ன எதிர்பார்க்கலாம்? பழைய ரைபிள், இரும்புச் சைட், கடைத் தோட்டா, நடுவயதுக் கண் ஆகிய நான்கும் சேரும்போது, 100 மீட்டரில் ஐந்து குண்டுகள் 10 சென்டிமீட்டருக்குள், அதாவது 50 மீட்டரில் 5 சென்டிமீட்டருக்குள் விழுந்தால் நான் நிறைவடைவேன். ஒரு பாகைக் கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்பது 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர். அந்த அளவைப் பழைய வேட்டை ரைபிளிடம் கேட்பது பாட்டியை ஓட்டப்பந்தயத்துக்கு அழைப்பதுபோல.

காகிதத்தைப் படித்தல்

குண்டுகள் மேலும் கீழுமாக நீண்டு விழுந்தால் மூச்சையும் தோட்டாவையும் மூட்டையில் கட்டை படும் இடத்தையும் ஐயுறுங்கள். பக்கவாட்டில் நீண்டால் காற்று, விசை இழுப்பு, அல்லது கட்டை ஒரு பக்கம் குழலை உரசுவது. இரண்டு தெளிவான கூட்டங்களாகப் பிரிந்தால் எங்கோ ஒரு திருகோ சைட்டோ இரண்டு நிலைகளுக்கிடையே தாவிக்கொண்டிருக்கிறது. முதல் குண்டிலிருந்து ஐந்தாவது வரை ஒரே திசையில் நடந்துபோனால், சூடேறும் குழலை மரம் அழுத்துகிறது. ஒழுங்கே இல்லாமல் சிதறினால் குழல்வாயையும் செம்புப் படிவையும் மீண்டும் பாருங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். திருகையும் தோட்டாவையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு நன்றாகச் சுட்டதற்கு எது காரணம் என்று தெரியாமல் ஓர் ஆண்டை நான் வீணாக்கியிருக்கிறேன்.

குண்டுகள் நெருங்கி விழத் தொடங்கிய பிறகே சைட்டைத் தொட வேண்டும். பின்சைட்டைக் குண்டு போக வேண்டிய திசையிலும், முன்சைட்டை அதற்கு எதிர்த்திசையிலும் நகர்த்த வேண்டும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு உண்டு: விலகல் தூரத்தை இரண்டு சைட்டுகளுக்கு இடையிலான நீளத்தால் பெருக்கி, குறியின் தொலைவால் வகுக்க வேண்டும். சைட்டுகளின் இடைவெளி 50 சென்டிமீட்டர், 100 மீட்டரில் விலகல் 10 சென்டிமீட்டர் என்றால் நகர்த்த வேண்டியது அரை மில்லிமீட்டர் மட்டுமே. அரை மில்லிமீட்டர் எவ்வளவு சிறியது என்பது சுத்தியல் எடுத்த பிறகுதான் விளங்கும். நகர்த்தும் முன் சைட்டிலும் அடித்தளத்திலும் சேர்த்து மெல்லிய பென்சில் கோடு ஒன்று கிழித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வைத்தல்

சமவெளியிலிருந்து மலையேறி வந்த ரைபிளை உடனே அலமாரியில் பூட்டாதீர்கள். உறையிலும் குழலிலும் அடைபட்ட சமவெளியின் ஈரக்காற்று குளிரும்போது உலோகத்தில் ஈரம் முத்து முத்தாகக் கோக்கும். ஓர் அறையில், உங்கள் கண்பார்வையில், போல்டைக் கழற்றி ஒரு மணி நேரம் ஆறவிட்டு, துடைத்து, எண்ணெய் பூசுங்கள். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டுவது மலையில் துருவுக்கு விருந்து வைப்பது. உறை ஈரத்தைச் சேர்த்து வைக்கும். குழல்வாய் கீழ்நோக்கி, ஒரு மெத்தைத் துணியின் மேல் நிறுத்துங்கள். அப்படிச் செய்தால் எண்ணெய் ஆக்‌ஷன் வழியாகக் கட்டையின் கழுத்துக்குள் வடிந்து மரத்தை மெத்தென்று ஆக்காது. அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, மழை மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாணலியில் வறுத்து உலர்த்துங்கள். போல்டும் தோட்டாவும் வேறு பூட்டில், வேறு இடத்தில்.

சுட்ட காகிதத்தை எறியாதீர்கள். தேதி, இடம், தோட்டா வரிசை எண், திருகின் பிளவு நின்ற மணி, மழையா வெயிலா என்பவற்றை அதன் ஓரத்திலேயே எழுதி, மடித்து உரிமப் புத்தகத்தோடு வையுங்கள். எங்கள் அலமாரியில் அப்படிச் சேர்ந்த காகிதங்களுள் கடந்த பிப்ரவரியின் துளைகளையும் நவம்பரின் துளைகளையும் சன்னல் வெளிச்சத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பிடித்தால், இரண்டு கூட்டங்களுக்கும் இடையே இப்போது ஒரு விரல் அகலம்தான் இருக்கிறது.